மெட்டுக்குச் சொல்: வாசகர் கேள்வி–பதில்

திரைப்பாடலாசிரியர்களைப் பற்றியும் பாட்டெழுதும் வேலையைப் பற்றியும் சேலம், ஏற்காடு வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

அம்மாப்பேட்டை: பாடலாசிரியர் மருதகாசி சேலத்துக்காரர் என்று எங்கள் அப்பா அடித்துச் சொல்கிறார். தஞ்சாவூர்க்காரர் என்கிறான் என் மகன். வீட்டில் தினம் ஒரு பஞ்சாயத்து. யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே தோற்றார்கள். மருதகாசி பிறந்தது 13.2.1920 அன்று, கொள்ளிடக்கரைப் பக்கம் மேலக்குடிகாடு என்ற ஊரில். அன்று திருச்சி மாவட்டம், இன்று அரியலூர் மாவட்டம். படிப்பும் ஆரம்பகால நாடகப் பாட்டும் கும்பகோணத்தில் என்பதால் மகன் தஞ்சாவூர் என்று நினைத்திருப்பார்.

ஆனால் மனிதர் மருதகாசி எங்கே பிறந்தாலும் திரைப்பாடலாசிரியர் மருதகாசி பிறந்தது சேலத்தில்தான். அந்த அளவில் அப்பா கட்சிக்கு ஒரு ஓட்டு போடலாம். 1949இல் சேலத்து ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மாயாவதி’தான் அவருக்கு முதல் படம், இசை ஜி.ராமநாதன். அடுத்த ஆண்டு ‘மந்திரிகுமாரி’. அதில் கா.மு.ஷெரீப்பும் அவரும் பாடல் எழுதினார்கள். 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் படத்தில் ‘மாசிலா உண்மைக் காதலே’ இவருடையது.

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகும் சாலையில் ஒரு வளைவு மட்டும் நிற்கிறதே, அதற்குப் பின்னால்தான் அந்த ஸ்டூடியோ இருந்தது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து 1935இல் தொடங்கியது. ஸ்பின்னிங் மில் நடத்துவதுபோல் படம் எடுத்தார். கதை, வசனம், பாட்டு, இசை, ஒலிப்பதிவு, செட் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். காலையில் மெட்டு கையில் வந்தால் பாட்டும் கையோடு போக வேண்டும். ‘கற்பனை வரவில்லை’ என்று ஊருக்குப் பஸ் ஏற முடியாது. கேட்ட அளவுக்கு, கேட்ட நேரத்தில், எளிய சொல்லில் எழுதித் தரும் மருதகாசியின் கைப்பழக்கத்தில் இந்தப் பட்டறை வாசனை இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

1950களில் அவர் எழுதாத பேனர் குறைவு. ‘சமரசம் உலாவும் இடமே’ (ரம்பையின் காதல், 1956), ‘மணப்பாறை மாடு கட்டி’ (மக்களைப் பெற்ற மகராசி, 1957), ‘முல்லை மலர் மேலே’ (உத்தமபுத்திரன், 1958) என்று மூன்றை வரிசையாகக் கேளுங்கள். சுடுகாட்டுத் தத்துவம், ஏர் பூட்டும் பாட்டு, அரண்மனைக் காதல் மூன்றையும் ஒரே பேனா எழுதியது. 1959இல் ‘அல்லி பெற்ற பிள்ளை’ படத் தயாரிப்பில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். ஊருக்குப் போய் விவசாயம் பார்த்தார். பிறகு 1967இல் தேவர் பிலிம்ஸ் ‘விவசாயி’ படத்துக்கு ‘கடவுள் என்னும் முதலாளி’ எழுதியபோது, அது சேற்றில் கால் வைத்தவர் எழுதிய பாட்டாக இருந்தது. 29.11.1989இல் மறைந்தார்.

ஓமலூர்: வாட்ஸ்அப்பில் எந்தப் பழைய பாட்டு வந்தாலும் கீழே ‘கவியரசு கண்ணதாசன்’ என்று போட்டுவிடுகிறார்கள். உண்மையாக யார் எழுதியது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கண்ணதாசன் பெயரில் வாரக்கடைசிக்கு நான்கு பாட்டாவது புதிதாக ‘எழுதப்படுகிறது’. பாவம், 1981இலேயே போனவர். அடிக்கடி அவர் கணக்கில் ஏற்றப்படும் சிலவற்றைச் சரிசெய்து கொள்ளுங்கள். ‘ஏரிக்கரையின் மேலே’ (முதலாளி, 1957), ‘சிட்டுக்குருவி சிட்டுக்குருவி சேதி தெரியுமா’ (டவுன் பஸ், 1955) இரண்டும் கா.மு.ஷெரீப். ‘உனக்கெது சொந்தம் எனக்கெது சொந்தம்’ பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அதுவும் நம் சேலத்துச் சரக்கு; மாடர்ன் தியேட்டர்ஸின் ‘பாசவலை’, 1956.

குழப்பத்துக்குக் காரணம் படத்தின் டைட்டில் கார்டு. ‘பாடல்கள்’ என்று போட்டு நான்கைந்து பெயரை அடுக்கிவிடுவார்கள். எந்தப் பாட்டு யாருடையது என்று இருக்காது. அதனால் டைட்டிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது ஆதாரம் ஆகாது. பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, படம் ஓடும்போது தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம். பலவற்றில் ஒவ்வொரு பாட்டின் தலையிலோ காலிலோ எழுதியவர் பெயர் இருக்கும். இரண்டாவது, இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய லேபிள். ஆனால் பழைய லேபிள்களில் பாடகர், இசையமைப்பாளர் பெயர் மட்டும் இருப்பதும் உண்டு. மூன்றாவது, கவிஞரோ வாரிசுகளோ வெளியிட்ட திரைப்பாடல் தொகுப்பு. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் ‘இருவர் பெயரும் சொல்லப்படுகிறது’ என்று எழுதுவதுதான் நேர்மை. மருதகாசியும் ஷெரீப்பும் சேர்ந்து வேலை செய்த படங்களில் இந்தச் சிக்கல் நிறைய வரும்.

கண்ணதாசனுக்கும் சேலத்துக்கும் தொடர்பே இல்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். இருக்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸின் ‘இல்லற ஜோதி’க்கு (1954) வசனம் அவர். ஆனால் அவருடைய முதல் திரைப்பாட்டு இங்கே பிறந்ததல்ல. 1949இல் ஜூபிடர் பிக்சர்ஸின் ‘கன்னியின் காதலி’யில் வந்த ‘கலங்காதிரு மனமே’.

சிவதாபுரம்: கொலுசுப் பட்டறையில் வேலை. கவிதை எழுதுவேன். ஆல்பம் போடும் நண்பர் ஒருவர் மெட்டு அனுப்பி வரி கேட்டார். ‘தானன தானன தன்னானே’ என்று முனகி அனுப்பியிருக்கிறார். ‘காலையில் பூத்திடும் காட்டுப்பூ’ என்று எழுதினேன். ‘உட்காரவில்லை’ என்கிறார். எனக்குப் பாடினால் உட்காருகிறதே?

உங்களுக்கு உட்காரும். எழுதியவன் தன் வரியைப் பாடும்போது இடிக்கிற எழுத்தைத் தெரியாமலே விழுங்கிவிடுவான். அதனால் பாடிப் பார்க்காதீர்கள், எண்ணிப் பாருங்கள்.

கணக்கு எளிது. குறில் 1 மாத்திரை. நெடில் 2. குறிலோடு ஒற்று சேர்ந்தால் இலக்கணத்தில் ஒன்றரை. பாட்டில் 2 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெடிலோடு ஒற்று சேர்ந்தாலும் 2தான். சொல்லின் நடுவில் வரும் ‘லை’, ‘னை’ போன்ற ஐகாரம் குறுகி 1 ஆகிவிடும்.

இப்போது மெட்டு: தா-ன-ன (2, 1, 1), தா-ன-ன (2, 1, 1), தன்-னா-னே (2, 2, கடைசியில் இழுவையோடு 4). ஆக 4, 4, 8. மொத்தம் 16. உங்கள் வரி: கா-லை-யில் (2, 1, 2), பூத்-தி-டும் (2, 1, 2), காட்-டுப்-பூ (2, 2, 4). அதாவது 5, 5, 8. மொத்தம் 18. இரண்டு மாத்திரை உபரி. பாடகர் என்ன செய்வார்? ‘யில்’லில் ல்-ஐயும் ‘டும்’மில் ம்-ஐயும் தின்றுவிட்டு ‘காலையி பூத்திடு காட்டுப்பூ’ என்று பாடுவார். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

இதைச் சரிசெய்ய சொல்லை மாற்ற வேண்டும் என்பதில்லை, அடுத்த சொல்லை மாற்றினால் போதும். ‘காலையில்’ என்பதற்குப் பின் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை வையுங்கள். ல் போய் அந்த உயிரோடு ஏறிக்கொள்ளும். ‘காலையில் ஏறிய’ என்பது வாயில் ‘காலையி லேறிய’ ஆகிறது: கா-லை-யி (2, 1, 1), லே-றி-ய (2, 1, 1). மெட்டு அச்சாக விழுந்துவிட்டது. மாதிரிக்கு இரண்டு வரி:

காலையி லேறிய செம்மானே
சோலையி லாறிட வந்தாயோ

இரண்டாவது வரியும் அதே அளவு. சோ-லை-யி, லா-றி-ட, வந்-தா-யோ. எண்ணிப் பாருங்கள். பெரிய கவிதை இல்லை, அளவுக்காகக் காட்டுகிறோம். உங்கள் பட்டறையில் கண்ணி கண்ணியாகக் கோக்கிறீர்கள். ஒரு கண்ணி பெரிதானாலும் கொலுசு காலில் சுருண்டு நிற்கும். பாட்டிலும் இப்படி இரண்டிரண்டு அடியாக வருவதற்குக் கண்ணி என்றுதான் பெயர். உங்களுக்கு நாங்கள் புதிதாகச் சொல்லித்தர எதுவுமில்லை போலிருக்கிறது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் உட்காராத இடங்கள் உண்டு. ஒன்று, இழுக்கிற இடத்தில் குறில் மாட்டுவது. ‘தன்னானே’ வர வேண்டிய இடத்தில் ‘வெண்பனி’ போட்டால் ப-வை இழுத்தாக வேண்டும். ‘வெண்பானி’ என்று காதில் விழும். கேட்பவர் யாரோ இந்தியில் தண்ணீர் கேட்கிறார்கள் என்று நினைப்பார். இன்னொன்று, தாளம் நிற்கிற இடத்தில் சொல் உடைவது. ‘பாட வந்தேன்’ என்பதில் ‘வந்’தோடு ஒரு சுற்று முடிந்தால், அடுத்த சுற்று ‘தேன்’ என்று தொடங்கும். காதல் பாட்டானால் தப்பித்தீர்கள். ஒப்பாரி என்றால் சிரிப்பார்கள்.

மூன்றாவதுதான் நுணுக்கம். தன்ன, தந்த, தத்த மூன்றும் எண்ணிக்கையில் ஒன்று, ஓசையில் வேறு. இசையமைப்பாளர் ‘தன்னானே’ என்று முனகினால் அந்த ‘ன்’னில் குரல் நிற்காமல் ஓடுகிறது என்று பொருள். அங்கே செம்மானே, வந்தாயோ, சொன்னாளே எல்லாம் சரி. ‘பட்டாசே’ வைத்தால் ட்-இல் குரல் அறுந்துவிடும். மெட்டில் வெட்டு விழுகிற இடமாக இருந்தால் அதே ‘பட்டாசே’தான் சரி. முனகலை மூன்று தரம் கேட்டு, எங்கே வழுக்குகிறது, எங்கே வெட்டுகிறது என்று தாளில் கோடு போட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.

அன்னதானப்பட்டி: பாட்டெழுத சங்கீதம் படிக்க வேண்டுமா?

ராகம் வேண்டாம், தாளம் வேண்டும். தொடையில் தட்டிக்கொண்டே பத்து நிமிடம் ஒரே வேகத்தில் எண்ண முடிந்தால் போதும். பயிற்சிக்கு அருணகிரிநாதரின் திருப்புகழை எடுத்துக்கொள்ளுங்கள். தத்த, தந்த, தன்ன, தய்ய, தான என்ற பேதமெல்லாம் அங்கே பிசகாமல் இருக்கிறது. ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’க்கு மேலே ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்று எழுதி, கீழே உங்கள் சொந்தச் சொல்லை நிரப்புங்கள். பொருள் அசட்டுத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை. வாரம் ஒரு சந்தம் என்று 3 மாதம் செய்தால், வாட்ஸ்அப்பில் எந்த முனகல் வந்தாலும் பயம் வராது.

ஆத்தூர்: கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். எதுகை மோனை எல்லாம் பழைய காலம், இப்போது தேவையில்லை என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

புத்தகக் கவிதைக்கு அது உங்கள் இஷ்டம். பாட்டுக்குத் தேவை. அழகுக்காகச் சொல்லவில்லை. பாட்டு காதில் ஒரு தரம் ஓடி மறைகிறது. திருப்பிப் படிக்க முடியாது. முதல் வரியின் ஓசை இரண்டாம் வரியில் திரும்ப வந்தால்தான் கேட்பவர் மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். மேலே ‘காலையி’, ‘சோலையி’ என்று வந்ததைப் பாருங்கள். இரண்டாம் எழுத்து ‘லை’ ஒன்றாக இருக்கிறது, அது எதுகை. கூடவே முதல் எழுத்து இரண்டும் நெடில். அதுதான் பலர் தவறவிடும் விதி. ‘காலை’க்கு ‘மலை’ எதுகை ஆகாது. முதலில் நெடில் வந்தால் எதிரிலும் நெடில் வர வேண்டும். மெட்டுக்கு எழுதும்போது இது தானாகவே அமையும். தா-வுக்குத் தா-தான் விழ வேண்டும் என்று மெட்டே கட்டாயப்படுத்துகிறது அல்லவா?

மோனையில் அதே எழுத்துதான் வர வேண்டும் என்று மாணவர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். இன எழுத்து போதும். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்யில் ச-வும் த-வும், ஞ-வும் ந-வும், ம-வும் வ-வும் ஒன்றுக்கொன்று நிற்கும்.

இன்றைய பாட்டுகளில் வரி முடிவில் ஓசை ஒன்றும் இயைபுதான் அதிகம். அதில் ஒரு அபாயம். ‘–ஆயே, –ஆயே’ என்று வினைமுற்றாக முடித்துக்கொண்டே போவது சுலபம். நான்கு வரிக்கு மேல் கேட்கச் சலிக்கும். வினையில் முடிந்த வரிக்குப் பெயர்ச்சொல்லில் முடியும் வரியை ஜோடி சேருங்கள்.

ஏற்காடு, நாகலூர்: எங்கள் மலையைப் பற்றி ஒரு பாட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன். குறை சொல்லுங்கள். (முதல் வரி: ‘காப்பி மணக்கும் சேர்வராயன் மலை’.)

கேட்டதால் சொல்கிறோம், கோபிக்காதீர்கள் அம்மா. காப்பித் தோட்டத்தில் காப்பி மணக்காது. அந்த மணம் வறுத்த பிறகு வருவது. அது கடைவீதியின் மணம், மலையின் மணம் இல்லை. உங்களுக்குத் தெரியாததா? மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்து எட்டு, பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்குமே, அப்போது வருவது மல்லிகைக்குப் பக்கத்து வீட்டு வாசம். இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுப் பூ பழுப்பேறி உதிர்ந்துவிடும். பழம் எடுக்கும் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் தோல் உரிக்கிற இடத்தில் புளித்த வாடை. இந்த மூன்று வாசத்தையும் தினம் முகர்கிற நீங்கள், பஸ்ஸில் வந்து படகு விட்டுவிட்டு மாலையில் இறங்குகிறவர் எழுத வேண்டிய வரியை எழுதியிருக்கிறீர்கள்.

இதையே பல்லவியாக ஆக்கலாம். மூன்று நாள் பூ, ஒன்பது மாதக் காத்திருப்பு. அதில் ஒரு பெண்ணின் கதை தானாகவே வந்துவிடும். பாட்டுக்குப் பல்லவியில் வேண்டியது ஒரே ஒரு பொருள். அதை இரண்டு சரணங்களில் இரண்டு பக்கமாகத் திருப்பிக் காட்டினால் போதும். நீங்கள் முதல் சரணத்திலேயே ஏரி, கிளியூர் அருவி, லேடீஸ் சீட், பக்கோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் ஐந்தையும் வைத்துவிட்டீர்கள். அது பாட்டு இல்லை, டூரிஸ்ட் வேனின் ரூட் போர்டு.

இரண்டாம் சரணத்தில் ‘சில்வர் ஓக் மரத்தைக் கட்டி ஏறும் மிளகுக்கொடி’ நன்றாக இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். ‘இருபது கொண்டை ஊசி’யும் இருக்கட்டும். ‘இயற்கை அன்னையின் மடி’ என்ற வரியை மட்டும் வெட்டுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது பொருந்தும் என்றால் ஏற்காட்டுக்கு அது வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை: பழைய பாட்டுகள் எல்லாம் 3 நிமிடத்தில் முடிகிறதே, ஏன்? முதலில் மெட்டா, முதலில் பாட்டா?

10 அங்குல இசைத்தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடம்தான் கொள்ளும். பல்லவி, இரண்டு சரணம், நடுவில் இசை என்று அதற்குள் முடிக்க வேண்டும். நீளமான பாட்டை இரண்டு பக்கமாக உடைத்தார்கள். தட்டைத் திருப்பிப் போடும் இடத்தில் பொருள் அறுந்துவிடாமல் எழுதுவதும் பாடலாசிரியர் பாடு.

மெட்டா பாட்டா என்பது ஆளைப் பொறுத்தது. கே.வி.மகாதேவன் எழுதி வந்த பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு மெட்டுப் போடுவதையே விரும்பியவர். பிறமொழிப் படத்தின் மெட்டை அப்படியே எடுத்துக்கொண்டால் மெட்டுக்குத்தான் சொல். ‘அலிபாபா’வில் பல மெட்டுகள் அதே கதையின் இந்திப் படத்திலிருந்து வந்தவை. இன்று பத்துக்கு ஒன்பது மெட்டு முதலில்.

கன்னங்குறிச்சி: பாவேந்தர் பாரதிதாசன் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு எழுதினாரா?

எழுதினார். அவருடைய ‘எதிர்பாராத முத்தம்’ காவியம்தான் 1950இல் ‘பொன்முடி’ படம் ஆனது. 1952இல் வந்த ‘வளையாபதி’க்கும் எழுதினார்.

மேட்டூர்: பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் பட்டுக்கோட்டை, கண்ணதாசன் பாடல்களைப் பாடினார்கள். யூடியூபில் ஏற்றினோம். ஒரு பாட்டுக்குக் ‘காப்பிரைட்’ நோட்டீஸ் வந்தது. பட்டுக்கோட்டையார் பாடல்கள் நாட்டுடைமைதானே?

மேடையில் பாடியதில் தவறில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் நிகழ்த்தி, பார்ப்பவர்களும் அவர்கள், பெற்றோர், பள்ளியோடு சம்பந்தப்பட்டவர்கள் என்ற வட்டத்துக்குள் இருந்தால் சட்டமே விலக்குத் தருகிறது. யூடியூபில் ஏற்றியதும் வட்டம் உடைந்துவிட்டது.

ஒரு திரைப்பாட்டில் மூன்று சொத்து இருக்கிறது: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றுக்கும் மூன்று கணக்கு. வரிக்கு, எழுதியவர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. பட்டுக்கோட்டையார் 1959இல் 29 வயதிலேயே போய்விட்டார். அவர் படைப்புகளை அரசு 1993இல் நாட்டுடைமை ஆக்கியது. ஆக வரியில் பிரச்சினை இல்லை. கண்ணதாசன் வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. மெட்டுக்கு இசையமைப்பாளரின் வாழ்நாளை வைத்து அதே கணக்கு. ஒலிப்பதிவுக்கு மட்டும் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 1950இல் வந்த தட்டு 2010 முடிவோடு விடுதலை.

உங்களுக்கு நோட்டீஸ் வந்தது பெரும்பாலும் கரோக்கி டிராக்கினால் இருக்கும். பிள்ளைகள் புதிதாகப் பாடினாலும் பின்னால் ஓடியது ஒரு கம்பெனியின் புதிய ஒலிப்பதிவு. யூடியூபின் இயந்திரம் அதைத்தான் மோப்பம் பிடிக்கும். நோட்டீஸை முழுக்கப் படியுங்கள். ‘கிளைம்’ என்றால் பெரும்பாலும் வீடியோ இருக்கும், விளம்பரக் காசு அவர்களுக்குப் போகும், விட்டுவிடலாம். ‘ஸ்ட்ரைக்’ என்றால் வீடியோவை யூடியூபே நீக்கி, உங்கள் சேனலுக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது என்று பொருள்; அதை அலட்சியம் செய்யாதீர்கள். அடுத்த ஆண்டு ஆர்மோனியமும் தபேலாவும் வைத்துப் பாடச் சொல்லுங்கள். சிக்கல் முழுக்கத் தீராது, குறையும்.

அழகாபுரம்: ஒரு சிறு தயாரிப்பாளருக்கு இரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தேன். வாய்ப்பேச்சுதான். பாட்டு வெளியானபோது வேறொருவர் பெயர். என்ன செய்யலாம்?

முதலில் கையில் இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள். மெட்டு வந்த வாட்ஸ்அப் செய்தி, நீங்கள் வரி அனுப்பிய தேதி, திருத்தம் கேட்ட குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. உரையாடலை ‘எக்ஸ்போர்ட்’ செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், போனும் மாற்றாதீர்கள். பிறகு, பெயர் சேர்க்கக் கோரி எழுத்தில் ஒரு கடிதம். பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். எழுதியவர் என்று உரிமை கோருவது உங்கள் தனி உரிமை. பாட்டை விற்றிருந்தாலும் அது போகாது. ஆன்லைன் தளங்களில் பெயரைத் திருத்துவது சில நாள் வேலை, செலவும் இல்லை. பலர் நோட்டீஸைப் பார்த்ததும் திருத்திவிடுவார்கள்.

அடுத்த பாட்டுக்கு ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள். எந்தப் பாட்டு, என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகளுக்கு, எவ்வளவு பணம், பெயர் எங்கே எப்படி வரும் என்ற ஆறும் அதில் இருக்க வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். ஆண்டு எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் வந்த பாட்டை தியேட்டருக்கு வெளியே வேறு வழிகளில் பயன்படுத்தும்போது வரும் ராயல்டியில் உங்கள் பங்கை நீங்களே எழுதிக் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது, வாரிசுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர. ‘எல்லா ராயல்டியும் விட்டுக்கொடுக்கிறேன்’ என்று வரி இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு வெளியாகியிருந்தால் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற காப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகி, எழுதிய பாட்டுகளைப் பதிவு செய்துவையுங்கள். பதிவு செய்யாத பாட்டுக்குப் பணம் வந்தாலும் அது உங்கள் வீடு தேடி வராது.

காப்புரிமை அலுவலகப் பதிவு கட்டாயமில்லை. செய்தால் ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு. இருபது பாட்டைத் தனித்தனியாகப் பதிவு செய்யாமல் ஒரே தொகுப்பாகக் கட்டிப் பதிவு செய்கிறவர்களும் உண்டு.

ஜாகீர் அம்மாபாளையம்: நாளை மறுநாள் என் முதல் பாட்டு ரெக்கார்டிங். ‘பாடகர் வரியை மாற்றச் சொல்வார், தயாராக வா’ என்கிறார் இசையமைப்பாளர். எதை மாற்றச் சொல்வார்கள்?

பெரும்பாலும் உச்சஸ்தாயி இடங்களை. மேலே போய் நிற்கிற சுரத்தில் ஆ, ஏ, ஓ இருந்தால் வாய் திறக்கும், குரல் விரியும். ‘நதி’, ‘விழி’ என்று இகரத்தில் நின்றால் தொண்டை இறுகும். ‘காற்று’, ‘பாட்டு’ என்று முடிந்தாலோ அந்த உகரம் அரை மாத்திரைதான். இழுக்க ஒன்றுமே இருக்காது. ‘விழியோ’, ‘காற்றே’, ‘பாட்டாலே’ என்று உருபு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள் கெடாமல் முடிவதற்கு ஒவ்வொரு வரிக்கும் ஒரு மாற்று இப்போதே எழுதிவிடுங்கள். அங்கே போய் நான்கு பேர் முறைத்துக்கொண்டிருக்கும்போது சொல் வராது.

அடுத்து மூச்சு. உங்கள் வரிகளில் எங்கே மூச்சு வாங்குவது? இரண்டு வரி தொடர்ந்து இடைவெளியே இல்லாமல் ஓடினால், பாடகர் தனக்குத் தோன்றிய இடத்தில் வாங்குவார். அது சொல்லின் நடுவாகவும் இருக்கலாம். பகரத்தில் தொடங்கும் சொல் வரிசையாக வந்தால் மைக்கில் காற்று அடிக்கும்; முன்னால் வலை வைத்திருப்பார்கள் என்றாலும் மூன்று ‘ப’வுக்கு மேல் வேண்டாம். ழ, ள, ல அடுத்தடுத்து வரும் வரியை இன்று இரவே வேகமாகப் பத்து தரம் சொல்லிப் பாருங்கள். உங்கள் நாக்கு தடுக்கினால் வேறு மொழிப் பாடகரின் நாக்கு விழுந்தே போகும்.

தாளை மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்: பாடகருக்கு, இசையமைப்பாளருக்கு, உங்களுக்கு. எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடைவெளி விட்டு. சொற்களைப் பதம் பிரித்தே அடியுங்கள். சேர்த்துப் பாட வேண்டிய இடத்தில், ‘காலையில்’லுக்கும் ‘ஏறிய’வுக்கும் நடுவில் ஒரு வளைகோடு போதும். மூச்சு வாங்கும் இடத்தில் சாய்கோடு. பாடகருக்குத் தமிழ் படிக்க வராது என்றால் அவர் எழுத்தில் அவரே எழுதிக்கொள்ளட்டும், நீங்கள் மெதுவாகச் சொல்லுங்கள். அப்போதுதான் ந, ன, ண எங்கே புரள்கிறது என்று பிடிபடும். பென்சிலும் ரப்பரும் கொண்டுபோங்கள். முழுப் பாட்டும் ஒரே பக்கத்தில் அடங்கட்டும், தாளைத் திருப்புகிற சரசரப்பும் மைக்கில் விழும்.